மானுக்கு விதைத்த புஞ்சை

"நாங்க ஏன் தோத்தோம்?"

வெள்ளைக்கண்ணு கேட்டது இந்த ஒரே கேள்வியைத்தான்.

ஊரிலிருந்து மலையடிவாரத்துக்கு ஒரு மணி நேர நடை. அந்த ஒரு மணி நேரத்தை நடக்க அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. சாமியார்களை நம்பாதே என்று அவரே ஒன்பது துண்டறிக்கை எழுதியிருக்கிறார்.

படித்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார். வக்கீல்களிடம் கேட்டார். பட்டணத்துத் தலைவர்களிடம் கேட்டார். தோல்விக்கு எல்லாரும் காரணம் வைத்திருந்தார்கள். எல்லாரும் வெளுத்த சட்டை போட்டிருந்தார்கள்.

மலையடிவாரத்துச் சாமியார் மான்சாமி சட்டையே போடவில்லை.

அவர் முள் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. வெள்ளைக்கண்ணுவுக்கு அறுபத்தொன்று.

"யாரு தோத்தது அண்ணாச்சி?"

"நாங்க. பண்ணையில பாடுபடுற ஜனம். உழுறது நாங்க, விதைக்கிறது நாங்க. விளைச்சல்ல மூணுல ஒரு பங்குதான் எங்களுக்கு. பாதி வேணும்னு இருபத்தெட்டு வருசமாக் கேக்குறோம். மூணுல ஒண்ணு மூணுல ஒண்ணாவே இருக்கு."

"நீங்க யாரு?"

வெள்ளைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. சுற்று வட்டாரத்தில் அவரிடம் அப்படிக் கேட்டவர் கிடையாது.

"வெள்ளைக்கண்ணு. ஏழு தடவை ஜெயிலுக்குப் போனவன்."

மான்சாமி அரிவாளைக் கீழே வைத்தார்.

"'உழுதவன் கையில் உமி, உட்கார்ந்தவன் கையில் அரிசி.' அந்த நோட்டீசு நீங்க எழுதினதுதான?"

வெள்ளைக்கண்ணுவின் நெஞ்சு நிமிர்ந்தது.

"படிச்சிருக்கீங்களா?"

"எல்லாத்தையும். ஊருக்கு வாரதுக்கு முன்னாலயே."

அது எப்படி என்று வெள்ளைக்கண்ணு கேட்கவில்லை. புகழ்ச்சி வரும்போது யாரும் கேட்பதில்லை.

மான்சாமி ஒரு மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கேள்விக்குப் பதில்?"

"அதான் கொடுத்தேனே."

*

நான்கு புஞ்சைகள். காட்டுக்கும் பெரிய பண்ணைக்கும் நடுவில், சரிவில், ஒன்றின் பக்கத்தில் ஒன்று.

மேலே காடு. காட்டில் அறுபது எழுபது புள்ளிமான். கீழே ஜமீனின் பெரிய பண்ணை, கண் எட்டும் தூரம் வரை நிலக்கடலை. பண்ணைக்கு வேலி இல்லை. நான்கு மூலையிலும் நான்கு பரண்கள் மட்டும் இருந்தன. பரண்மேல் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள்.

மாதத்துக்கு ஒரு மூட்டை அரிசி மான்சாமிக்கு வரும். ஜமீன் வீட்டு அம்மாளுக்குச் சாமிமேல் பக்தி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"இங்க என்ன விதைக்கணும்?"

"மான் திங்கிறதை."

"மனுசனுக்குச் சோறு இல்ல. மானுக்கு வெள்ளாமையா?"

"மண்வெட்டி கனமா இருக்கா அண்ணாச்சி?"

வெள்ளைக்கண்ணு வெட்டத் தொடங்கினார்.

*

முதல் புஞ்சையில் கொள்ளு விதைத்தார்கள். இரண்டாவதில் கம்பு. மூன்றாவதில் தட்டைப்பயறு. நான்காவதைச் சும்மா போட்டார்கள்.

விதைத்த புஞ்சையைச் சுற்றி முள் அடைத்தார்கள். வழி வைத்த இடத்தில் முள் படல். படலை ஒரு நீலக் கயிற்றால் கட்டினார் மான்சாமி. நல்ல முறுக்கு. மழையிலும் சாயம் போகாத கயிறு.

அந்தக் கயிற்றை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது வெள்ளைக்கண்ணுவுக்கு. நினைவு வரவில்லை.

"எத்தனை நாளைக்கு அடைப்பு?"

"முப்பது நாள். முளையில வாய் வச்சா வேரோட போயிரும். அப்புறம் மானுக்கும் இல்ல, மண்ணுக்கும் இல்ல. என்ன ஆனாலும் முப்பது நாளைக்கு முன்னால படலைத் தொடக்கூடாது."

"அதுவரைக்கும் மான்?"

"முள்ளுக்கு வெளிய நின்னு பார்க்கும்."

"பசிக்காதா?"

"பசிக்கும். உள்ள ஒண்ணு வளருதுன்னு கண்ணால பார்க்குதுல்ல. பார்த்துக்கிட்டே நிக்கும்."

*

முப்பத்தோராம் நாள் சாயங்காலம் மான்சாமி முதல் புஞ்சையின் கயிற்றை அவிழ்த்தார்.

மான்கள் இறங்கி வந்தன. கொள்ளுக்குள் முகத்தைப் புதைத்தன. சத்தமே இல்லை. மெல்லும் ஓசை மட்டும்.

வெள்ளைக்கண்ணு கை நீட்டி மான்களைக் காட்டினார்.

"இந்த மாதிரிதான் சாமி எங்க ஜனமும். ஒரு நாள் அவங்களும் இப்படி வயிறார..."

"பேசி முடிச்சாச்சா அண்ணாச்சி? ரெண்டாம் புஞ்சையில களை அப்படியே நிக்குது."

*

திறந்துவிட்ட பத்தொன்பதாம் நாள் கொள்ளு பாதிதான் தீர்ந்திருந்தது. மான்சாமி முதல் புஞ்சையை அடைத்துவிட்டு இரண்டாவதைத் திறந்தார்.

"இன்னும் பாதி நிக்குதே?"

"நிக்கட்டும்."

"தீரத் தின்னுட்டுப் போகட்டுமே சாமி!"

"அடி வரைக்கும் தின்ன மான் அடுத்த எடத்தைத் தேடும். கீழ பார்க்கும்."

"அதே கொள்ளையே திரும்பவும் போட்டா?"

"சலிச்சுப்போகும். சலிச்ச மானும் கீழதான் பார்க்கும். அதனால இந்தத் தடவை கம்பு. அடுத்தது பயறு. பயறு போட்ட மண்ணுல பின்னால கம்பு நல்லா வரும். கம்பு தின்ன மண்ணு களைச்சுப்போகும், அதைச் சும்மா போடணும். மண்ணும் மானும் ஒண்ணுதான் அண்ணாச்சி. மாத்தி மாத்திக் கொடுத்துக்கிட்டே இருக்கணும்."

"எதுவரைக்கும் கொடுக்கணும்?"

"பசி தீரக் கொடுக்காதீங்க. பசி மறக்கிற அளவுக்குக் கொடுங்க."

வெள்ளைக்கண்ணு அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். கருணையைப் பற்றிய நல்ல வாக்கியம் என்று நினைத்தார். அடுத்த துண்டறிக்கையில் போட்டுக்கொள்ளலாம்.

*

ஒரு நாள் களை பறிக்கும்போது கேட்டார்.

"பண்ணைக்கு ஏன் சாமி வேலி இல்ல?"

மான்சாமி அவரைப் பார்த்தார். நான்கு புஞ்சைகளையும் பார்த்தார். பறித்த களையை உதறிப் போட்டுவிட்டு அடுத்த சாலுக்குப் போனார்.

வெள்ளைக்கண்ணு அந்த வருடம் முழுவதும் அந்தப் பார்வையைப் பதில் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

*

கார்த்திகை பிறக்க மூன்று நாள் இருக்கும்போது ஆவுடை வந்தாள்.

ஆவுடை மூக்காண்டியின் மனைவி. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலையில், பண்ணைக்குள் நின்ற மூக்காண்டியைப் பரண்மேல் இருந்தவன் சுட்டான். இருட்டில் மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்றான். நீதிமன்றம் அதை நம்பியது. நீதிமன்றங்களுக்கு நம்பிக்கை அதிகம்.

வெள்ளைக்கண்ணு அவன் பெயரில் பதினான்கு துண்டறிக்கை போட்டார். 'இயக்கத்தின் முதல் பலி, தோழர் மூக்காண்டி.'

ஆவுடை கூடையை இறக்கி வைத்தாள்.

"தலைவரே, மானுக்குப் பேசியே பழகிட்டீங்களோ? ஆளு பாதியாப் போயிட்டீங்க."

"மான் குறுக்க பேசாது ஆவுடை. என்ன சேதி?"

"நாளைக்கு விடிஞ்சாக் கடலை பறிப்பு. வெளியூர் ஆளு முந்நூறு பேரு வந்து எறங்கியாச்சு. உழுக நாம, விதைக்க நாம, களை எடுக்க நாம. பறிக்க மட்டும் வெளியூர்க்காரன். பறிச்ச கையோட வண்டி ஏத்தி டவுன் கிட்டங்கியில கொண்டு போயிப் பூட்டிருவாங்க. போன வருசம் மழை பொய்ச்சதுல வீட்டுல ஒரு மணி தானியம் இல்ல. இந்தக் கடலையிலயும் பாதி வரலேன்னா தைக்குள்ள எத்தனை வீட்டுல அடுப்பு எரியும்னு தெரியல."

"ஜனம் என்ன சொல்லுது?"

"கொதிக்குது. இன்னைக்கே வயலுக்குள்ள எறங்கி நிக்கணும்னு பொம்பளைங்களே சொல்லுதாங்க. பாதி பங்கை அளந்து வச்சிட்டு மீதியை ஏத்துன்னு."

வெள்ளைக்கண்ணுவின் கண்கள் பளபளத்தன.

"அப்புறம்?"

"அதுக்குள்ள பண்ணையில இருந்து ஆளு வந்துச்சு. இன்னைக்கு ராத்திரி கூட்டம் போட்டுக்கோங்க, தடை இல்லைன்னு. எடம் கொடுத்திருக்காங்க, களத்துமேட்டுல. பந்தலும் அவங்களே போட்டாச்சு. மைக்கும் அவங்களே தாராங்களாம். உங்க தலைவரைக் கூப்பிட்டு நல்லாப் பேசச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

"கேக்காமயேவா?"

"கேக்காமயே."

வெள்ளைக்கண்ணு எழுந்து நின்றுவிட்டார்.

"பயந்துட்டான்! இருபத்தொம்பது வருசத்துல முதல் தடவையாப் பயந்துட்டான்!"

குடிசைக்குள் போய்ச் சட்டையை மாட்டினார். ஒரு வருடமாகப் போடாத சட்டை. துண்டறிக்கைப் பையைத் தோளில் போட்டார். அறுபத்திரண்டு வயதுக்காரர் முப்பது வயதுக்காரராகி வெளியே வந்தார்.

மான்சாமி கல்லின்மேல் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் வாரேன். என் கேள்விக்கு இனிமே பதில் வேண்டாம். இந்தத் தடவை ஜெயிக்கப் போறோம்."

"சந்தோசம் அண்ணாச்சி. போறதுக்கு முன்னால மூணாம் புஞ்சையைத் திறந்துவிட்டுட்டுப் போங்க. தட்டைப்பயறுக்கு முப்பது நாள் ஆச்சு. மான் நாலு நாளாப் பட்டினி. கம்பு சரியா வரல. இன்னைக்குத் திறக்கலேன்னா கீழ எறங்கிரும்."

*

வெள்ளைக்கண்ணு படலின் முன்னால் உட்கார்ந்தார். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினார்.

பின்னால் ஆவுடை தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான். அவங்களும் ஒவ்வொரு வருசமும் ஒண்ணு கொடுக்கத்தான் செய்யுதாங்க. அன்னைக்கு ஒரு வருசம் பறிப்பு நேரத்துல கஞ்சித் தொட்டி வச்சாங்க. அடுத்த வருசம் விசாரணைக் கமிட்டின்னு நாலு பேரு நாற்காலி போட்டு உக்காந்து குறையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனாங்க. போன வருசம் கோயில்ல மூணு நாள் கூத்து. இந்த வருசம் உங்க கூட்டம்."

வெள்ளைக்கண்ணுவின் விரல் நின்றது.

கயிறு அவர் கையில் இருந்தது. நீலக் கயிறு.

யுத்த காலம் அவர் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதத் தாள் இல்லாத காலம். பத்திரிகைகள் நின்று போயின. அவருடைய துண்டறிக்கை மட்டும் நிற்கவில்லை. மாதா மாதம் அச்சகத்து வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே வெள்ளைத் தாள். பெயர் சொல்ல விரும்பாத ஓர் அன்பர் தருவது என்று அச்சகக்காரர் சொல்வார். உலகத்தில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் மேடையில் சொல்லிக் கண்கலங்குவார்.

பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும்.

"சாமி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இந்தக் கயிறு ஏது?"

"ஜமீன் கச்சேரி ஆபீசுல பழைய காகிதக் கட்டுக்குப் போடுற கயிறு. வரும்போது ஒரு உருண்டை கொண்டாந்தேன்."

"நீங்க எதுக்கு ஜமீன் கச்சேரிக்குப் போனீங்க?"

"இருபத்தோரு வருசம் அங்க எழுத்து வேலை. டவுன் அரண்மனையில. உள் அறை. என்னைய யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

வெள்ளைக்கண்ணு எழுந்திருக்கவில்லை.

"அந்தத் தாள்?"

"நான்தான் பெட்டி கட்டுவேன். உங்க நோட்டீசு அச்சாகி வந்ததும் முதல் பிரதி எனக்கு வரும். நல்லா எழுதுவீங்க. படிக்கும்போது எனக்கே ரத்தம் கொதிக்கும். படிச்சு முடிச்சதும் ஆறிப்போகும்."

அரிவாள் தீட்டும் சத்தம் நின்றது.

"ஏழு தடவை உள்ள போனேன்னு சொன்னீங்களே. ஏழு தடவையும் எந்த மாசம் வெளிய விட்டாங்க?"

வெள்ளைக்கண்ணு விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை. சிறை வாசலில் மாலை. மழைத் தூறல். லாரியில் நின்றபடி ஊர்வலம். ஒவ்வொரு தடவையும் அதே தூறல்.

"ஐப்பசி கடைசி."

"ஏழு தடவையுமா?"

"ஏழு தடவையும்."

"பறிப்புக்கு முந்தின வாரம். ஜனத்துக்குப் பசி ஏறுற நேரம்."

வெள்ளைக்கண்ணு தன் முன்னால் இருந்த படலைப் பார்த்தார்.

"நீங்க எப்ப அந்த வேலையை விட்டீங்க?"

"விட்டேன்னு யாரு சொன்னா? எடம் மாத்துனாங்க. அங்க மனுசன். இங்க மான்."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

"ஏன் தோத்தோம்னு கேட்டீங்க. இந்த ஏழு வருசத்துல இங்க வந்தவன் எல்லாம் பிள்ளை வரம் கேட்டான், மழை கேட்டான். அதைக் கேட்டவரு நீங்க ஒருத்தர்தான்."

*

"இது பொய்."

வெள்ளைக்கண்ணு கத்தினார். மேடைக் குரல். காட்டுக்குள் எங்கோ ஒரு மயில் பதில் கத்தியது.

"என் பேச்சைக் கேக்க ஐயாயிரம் பேரு வந்தான்! பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தான்! நான் கை தூக்கினா ஐயாயிரம் கை தூக்கும்!"

"தூக்கும். நானும் ஒரு தடவை கூட்டத்துல பின்னால நின்னு பார்த்தேன். நானும் தூக்கினேன்."

"அப்புறம் என்ன?"

"கடைசியில என்ன சொல்வீங்க?"

"கெடு கொடுப்பேன். பத்து நாள் கெடு. 'பத்தே நாள்! பதினோராம் நாள் எங்கள் கால் உன் வயலில்!'"

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த கையில் நீலக் கயிற்றின் நுனி இருந்தது.

மான்சாமி ஆவுடையிடம் திரும்பினார்.

"தாயி, பறிச்சு வண்டி ஏத்த எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாள்."

சொன்ன பிறகுதான் ஆவுடைக்கே அது காதில் விழுந்தது.

"மூணு நாள்தான்" என்றாள் மறுபடியும். "நாலாம் நாள் வயலு வெறும் மண்ணாக் கிடக்கும். பதினோராம் நாள் நாம போயி நிப்போம். எத்தனையோ தடவை நின்னுருக்கோம். வெறும் மண்ணுல நின்னு கோசம் போட்டுட்டுத் திரும்புவோம்."

அவள் வெள்ளைக்கண்ணுவிடம் திரும்பினாள்.

"பத்து நாள்னு ஏன் தலைவரே சொன்னீங்க? மூணு நாள்னு சொல்லியிருக்கலாமே. இன்னைக்கேன்னு சொல்லியிருக்கலாமே."

வெள்ளைக்கண்ணுவிடம் இருந்த உண்மை மிகச் சின்னதாக இருந்தது.

"பத்து நாள்னாத்தான் சொல்றதுக்கு நல்லா இருந்துச்சு."

*

வெயில் சாய்ந்தது. காட்டு ஓரத்தில் முதல் மான் தலையை நீட்டியது.

வெள்ளைக்கண்ணு மெதுவாகச் சொன்னார்.

"மூக்காண்டியாவது... மூக்காண்டி எங்க கூட்டத்துல இருந்து கிளம்பினவன். அவன் செத்தது பொய் இல்ல. எங்க இயக்கத்துக்காகச் செத்தான்."

ஆவுடை கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அவுக உங்க கூட்டத்துக்கு வரல."

"என்ன சொல்ற?"

"எட்டு வருசமா நீங்க கேக்கல, நானும் சொல்லல. அன்னைக்குச் சாயங்காலம் ஊரே உங்க பேச்சைக் கேக்கப் போச்சு. நானும் போனேன். அவுகளைக் கூப்பிட்டேன். 'போய்க் கேட்டா வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும் ஆவுடை, தூங்கிருவேன்'னாக. நான் திரும்பி வரும்போது வீட்டுல ஆள் இல்ல. அவுக நேரா வயலுக்குப் போயிட்டாக."

"தனியாவா?"

"கூட யாரு இருந்தா? எல்லாரும் உங்களுக்குக் கை தட்டிக்கிட்டு இருந்தோம்."

அவள் குரலில் அழுகை இல்லை. எட்டு வருடத்தில் அது எங்கோ தீர்ந்துவிட்டிருந்தது.

"ஐயாயிரம் பேரு போயிருந்தா அத்தனை பேரையும் மானுன்னு நினைச்சேன்னு அவன் சொல்லியிருக்க முடியாது."

*

மான்கள் இறங்கி வந்தன. மூன்றாவது புஞ்சையின் முள்ளுக்கு வெளியே வந்து வரிசையாக நின்றன. உள்ளே தட்டைப்பயறு முழங்கால் உயரம். பச்சை வாசனை வெளியே வந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்கண்ணு கயிற்றை அவிழ்க்கவில்லை.

மறுபடியும் இறுக்கிக் கட்டினார். ஒரு முடிச்சு. அதன்மேல் ஒரு முடிச்சு. முள் கையில் ஏறியது. அதைப் பிடுங்கவில்லை. இன்னொரு முடிச்சு.

"அண்ணாச்சி, மான் நிக்குது."

"தெரியுது."

"திறக்கலேன்னா கீழ போகும்."

"போகட்டும்."

"பரண்ல ஆளு இருக்கு. சுடுவான்."

வெள்ளைக்கண்ணு திரும்பி ஆவுடையைப் பார்த்தார். அதற்குப் பதில் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

ஆவுடை மான்சாமியிடம் சொன்னாள்.

"சுடுவாங்கன்னு எங்கிட்டயா சாமி சொல்றீங்க?"

அவள் சரிவில் இறங்கத் தொடங்கினாள்.

"எங்க போற?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"களத்துமேட்டுக்குப் போற வழியும் வயலுக்குப் போற வழியும் புளியமரத்துல பிரியுது. அங்க போயி நிக்கேன். பந்தலுக்குப் போறவகளை இந்தப் பக்கம் திருப்பணும். எத்தனை பேரு திரும்புவாகளோ."

"நான் என்ன பேசணும்?"

ஆவுடை நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேசணுமா?"

வெள்ளைக்கண்ணு தோளிலிருந்து பையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அதைப் படல் முள்ளில் மாட்டினார்.

முதல் வரிசையில் நின்ற கிழட்டு மான் ஒன்று முள்ளை முகர்ந்தது. பிறகு தலையைத் திருப்பிக் கீழே பார்த்தது. கடலை வயலைப் பார்த்தது. ஓர் அடி வைத்தது.

மான்சாமி கல்லை விட்டு எழுந்தார். அவர் அவசரப்பட்டு எழுந்து வெள்ளைக்கண்ணு பார்த்ததில்லை. நான்காவது புஞ்சையை நோக்கி ஓடினார். அதில் புதிதாகக் கொள்ளு போட்டுப் பதினெட்டே நாள் ஆகியிருந்தது. முளை விரல் உயரம்கூட இல்லை. கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல் அரிவாளால் அறுத்துப் படலை இழுத்து எறிந்தார்.

"பா! பா! பா!"

பாதி மான் திரும்பி வந்தது.

மீதி மானுக்குப் பின்னால் ஆவுடை போனாள். அவளுக்குப் பின்னால், வாயைத் திறக்காமல், வெள்ளைக்கண்ணு போனார்.